பேனரில் கலங்கிய கண்

‘மூணு விசில்’ தொடர் – அத்தியாயம் 11

சுடர்விழியைப் புதிதாகச் சந்திப்பவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. பழையவர்கள் காபி ஆறுவதற்குள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். முத்தியால்பேட்டைக்காரி. நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் குக்கரை அடுப்பில் ஏற்றி, போனை அஞ்சறைப்பெட்டியில் சாய்த்து வைத்து, பார்த்த படம், படித்த புத்தகம், கேட்ட பாட்டு என்று எதைப் பற்றியாவது மனதில் பட்டதைப் பேசுவாள். மூன்றாவது விசில் அடித்தால் பேச்சு முடிந்தது. வெட்டுவது, ஒட்டுவது, திரும்ப எடுப்பது எதுவும் கிடையாது. எடுத்ததை அப்படியே நெட்டில் போட்டுவிடுவாள்.

போன வாரம் ஒரு பெரிய நடிகரின் படத்தை, "இன்டர்வெல்லோட வீட்டுக்கு வந்திருக்கலாம்" என்று சொல்லப்போய், ரசிகர் மன்றத்துப் பையன்கள் வாசலில் வந்து நின்றார்கள். மாமியார் கமலவேணிதான் வெளியே போய், "எம் மருமவ மனசுல பட்டதத்தான் சொல்லுவா, வெயில்ல நிக்காதீங்க" என்று ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினாள்.

இந்த வாரம் அந்த மோர் வீட்டுக்குள்ளேயே புளித்தது.

வெள்ளிக்கிழமை. சுடர்விழியின் கொழுந்தன் ராஜ்கமல் இசையமைத்த முதல் படம் ‘ஏலக்காரி’ அன்றுதான் வெளியாகிறது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மாடி அறைச் சுவரெல்லாம் சத்தம் அடங்க முட்டை அட்டை ஒட்டி, கீபோர்டும் கையுமாகக் கிடந்தவன். "தியேட்டர்லயே கேளுங்க அண்ணி" என்று சொல்லியிருந்ததால் சுடர்விழி ஒரு பாட்டைக்கூட முன்கூட்டிக் கேட்கவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, தலைக்குப் பூ வாங்க ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தெருமுனையில் பிரேக் போட்டாள்.

மின்கம்பத்துக்கும் டீக்கடைக்கும் நடுவே பெரிய பேனர். நடுவில் காதில் ஹெட்போனோடு ராஜ்கமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே எலுமிச்சம்பழ அளவில் குடும்பத்துத் தலைகள். இடது ஓரத்தில் கைகூப்பியபடி சுடர்விழி. யாருடைய கல்யாணப் போட்டோவிலிருந்தோ வெட்டியது. தோளருகில் வேறொருத்தியின் முழங்கை இன்னும் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே சிவப்பில்:

‘கண் கலங்கிவிட்டேன்!! ராஜ்கமலின் இசை உயிரை உருக்குகிறது!! – மூணு விசில் சுடர்விழி.’

டீக்கடைக்காரர் கையை ஆட்டினார். "என்னாம்மா, கொழுந்தன் படம் அழ வச்சிடுச்சாமே!"

யார் வேலை என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. அந்த இரட்டை ஆச்சரியக்குறி அவள் கணவன் இனியவனுடையது. டிஜிட்டல் பேனர் கடையில் டிசைனர். ஒற்றைக் குறியோடு அவன் இதுவரை எதையும் வியந்ததில்லை.

பூவை மறந்துவிட்டு நேராகக் கடைக்குப் போனாள். இனியவன் கம்ப்யூட்டரில் யாருடைய குழந்தைக்கோ காதணி விழா பேனர் செய்துகொண்டிருந்தான்.

"பாத்துட்டியா? உன் மூக்குத்தி மட்டும் பளிச்சுனு தெரியற மாதிரி டச் பண்ணியிருக்கேன்" என்றான் பூரிப்பாக.

"நான் எப்பங்க அழுதேன்?"

"மத்தியானம் அழுவ இல்ல?"

"வெளையாடாதீங்க. படமே பாக்காதவ பேர்ல எப்படி எழுதுனீங்க?"

இனியவனுக்கு நிஜமாகவே கேள்வி புரியவில்லை. "பேனர்ல போடறதுக்கு யாரு யாரக் கேக்கறாங்க சுடர்? கோவிந்தசாமி மாமா செத்தப்ப ‘ஆறாத்துயரில்’னு போட்டு எத்தினி பேரு போட்டோ வச்சோம்? அதுல பாதிப் பேருக்கு அவரோட பேச்சுவார்த்தையே கெடையாது. எவனாவது சண்டைக்கு வந்தானா?"

"அது சாவு பேனரு. இது என் வாயி."

"நம்ம தம்பிக்கு நீ நல்லதத்தான சொல்லப்போற? நான் கொஞ்சம் முன்னாடி சொல்லிட்டேன், அவ்ளோதான்."

"எறக்குங்க."

"கட்டுற பசங்க இங்க இல்லியே. தேங்காய்த்திட்டுல அடுத்தத கட்டப் போயிருக்காங்க."

"அடுத்ததா?"

"படத்துல கத அங்கதான நடக்குது" என்று இழுத்தான் இனியவன். "சாரம் ஏரியாவுலயும் ஒண்ணு."

சுடர்விழி வண்டியைத் திருப்பினாள். வீட்டுக்குப் போய் முதல் வேலையாக ராஜ்கமலிடம் சொல்லிவிட வேண்டும், அந்த வார்த்தைகள் தன்னுடையவை அல்ல என்று. அதில் அவளுக்குத் தயக்கம் எதுவும் இல்லை. தயக்கம் என்பதே அவளிடம் கொஞ்சம் குறைச்சல்தான்.

வாசலிலேயே ராஜ்கமல் நின்றிருந்தான். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் குனிந்து காலைத் தொட்டுவிட்டான்.

"டேய், என்னா இது!"

"அண்ணன் போனுக்கு பாட்ட அனுப்பி வச்சிருந்தேன். நீங்க கேட்டுட்டீங்களா அண்ணி? சொல்லவே இல்ல!" அவன் குரல் தழதழத்தது. "எம்மாம் பெரிய ஆளுங்களையெல்லாம் நீங்க கிழிச்சிருக்கீங்க. ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. ஊரு என்னா சொல்லும்னு இல்ல, நீங்க என்னா சொல்லுவீங்கன்னுதான். காத்தால அந்த பேனரப் பாத்ததும் அங்கயே நின்னு அழுதுட்டேன்."

பின்னால் கமலவேணி பட்டுப்புடவையில் முகமெல்லாம் பல்லாக நின்றிருந்தாள். மில் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவள். எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பதோடு முடித்துக்கொள்வாள். அன்றைக்கு, "எம் புள்ள ஜெயிச்சிட்டான் சுடரு" என்று ஒரு வரி கூடவே சொன்னாள்.

சுடர்விழிக்கு வாய் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் இது அபூர்வம்.

"படத்தப் பாத்துட்டுப் பேசலாம்டா" என்று மட்டும் சொன்னாள்.

மேட்னி ஷோவுக்கு ஒரு வரிசை முழுக்க அவர்கள் வீட்டு ஆட்கள். இசை என்று ராஜ்கமலின் பெயர் திரையில் வந்ததும் கமலவேணி எழுந்து நின்று கைதட்டினாள். பின்வரிசைக்காரர், "உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார். "எம் புள்ள பேரு சார்" என்றாள். அவரும் சேர்ந்து தட்டினார்.

படம் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிற ஒருத்தியைப் பற்றியது. டைரக்டர் புருஷோத்தமனுக்கும் அது முதல் படம். சுடர்விழிக்குப் பத்து நிமிடத்திலேயே பிடித்துப்போனது. ஏலம் கூவுகிற தாளத்தையே எடுத்து ராஜ்கமல் ஒரு பாட்டைக் கட்டியிருந்தான். அதற்கு முன்சீட்டுக்காரர் செருப்புக் காலால் தரையில் தட்டினார். சுடர்விழியின் விரலும் கைப்பிடியில் தட்டியது. பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள். பேனரில் இருப்பதையே வாயாலும் சொல்லிவிடலாம் போலிருந்தது.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது.

கடலுக்குப் போன ஏலக்காரியின் புருஷன் திரும்பவில்லை. மறுநாள் விடியற்காலை படகுகள் வருகின்றன, மீன் இறங்குகிறது, கூடைகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. ஏலம் கூவ ஆளில்லை. அவள் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய இடத்தில் நின்று கூவ வேறு யாருக்கும் மனம் வரவில்லை. இரைந்துகொண்டே இருந்த துறைமுகம் முழுக்க அப்படியே நிற்கிறது.

அந்த இடத்தில் ஒரு கூட்டம் வயலின்கள் அலறிக்கொண்டு வந்து விழுந்தன. கூடவே புல்லாங்குழல். அதற்கு மேல் ஒரு பெண் குரல் ஆ ஆ என்று.

சுடர்விழி திரும்பிப் பார்த்தாள். ராஜ்கமல் திரையைப் பார்க்காமல் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கமலவேணியோ, அக்கம்பக்கத்தில் யார் யார் அழுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடர்விழியின் கண் வறண்டே இருந்தது.

படம் விட்டு வெளியே வரும்போது ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள். தேங்காய்த்திட்டில் மீன் வியாபாரம் செய்கிற ஆதிலட்சுமி. ‘மூணு விசில்’ ஒன்று விடாமல் கேட்கிறவள். எப்போதோ ஜவுளிக்கடையில் அறிமுகம்.

"பேனரப் பாத்துட்டுதான் வந்தேன் கண்ணு. நீ சொன்னா சரியா இருக்கும்னு புள்ளைங்களயும் இட்டாந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நெசமா உனக்கு அழுக வந்துச்சா? எனக்கு வரல. நாந்தான் சரியா பாக்கலியோ என்னமோ. புள்ளைங்க தொணதொணன்னு பேசிக்கினே இருந்துதுங்க."

சுடர்விழிக்குச் சுருக்கென்றது. யாராவது வந்து திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். இவளோ திட்டவில்லை. பேனரை நம்பித் தன் கண்ணையே சந்தேகப்படுகிறாள். இனியவன் மேல் காலையில் வந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது, அதில் பாதி தன் மேல்.

"நீங்க சரியாத்தான் பாத்தீங்கக்கா" என்றாள். "சாயந்திரம் வீடியோ போடறேன். கேளுங்க."

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு குக்கரில் துவரம்பருப்பைப் போட்டாள். அடுப்படி வாசலில் கமலவேணி வந்து நின்றாள். மருமகளின் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னிக்கு ஒரு நாளு பருப்ப சட்டியில வேவ வையேன்" என்றாள்.

"அத்த."

"டைரக்டரு இன்னிக்கு சாயந்திரம் கூப்புடறேன்னு சொல்லியிருக்காராம். அடுத்த படத்தப் பத்திப் பேச. இந்த நேரத்துல நீ ஏதாவது சொல்லி வச்சா? வூட்டுப் புள்ளய வீதியில நிறுத்திப் பேசுவியா?"

"வீதியில நிறுத்துனது நான் இல்ல அத்த. உங்க மூத்த புள்ள. மூணு எடத்துல."

இனியவன் அப்போதுதான் உள்ளே வந்தவன், பேச்சின் திசையைப் பார்த்து வந்த வழியே திரும்பப் பார்த்தான். முடியவில்லை.

"ரசிகர் மன்றத்துப் பசங்ககிட்ட என்னா சொன்னீங்க?" என்றாள் சுடர்விழி. "எம் மருமவ மனசுல பட்டதத்தான் சொல்லுவான்னீங்க. அது வெளியாளு படத்துக்கு மட்டுமா?"

"ஆமா" என்றாள் கமலவேணி பளிச்சென்று. "வெளியாளு படத்துக்கு மட்டுந்தான்."

அந்த நேர்மைக்கு முன்னால் சுடர்விழிக்கே சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அதற்குள் ராஜ்கமல் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"என்னா சத்தம்?"

சுடர்விழி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ராஜா, காத்தாலயே சொல்லியிருக்கணும். உன் மொகத்தப் பாத்து வாயடைச்சுப் போச்சு. அந்த பேனர்ல இருக்கறது நான் சொன்னதில்ல. அப்ப நான் பாட்டே கேக்கல."

ராஜ்கமல் அண்ணனைப் பார்த்தான். இனியவன் குக்கரைப் பார்த்தான்.

"உன் சந்தோசத்துக்குத்தான்டா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

காலையில் காலில் விழுந்தபோது இருந்த முகம் ராஜ்கமலிடம் இப்போது இல்லை. அவன் காது சிவந்துபோயிருந்தது. தெருமுனையில் நின்று அழுதது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு அவன் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"படம் பாத்துட்டீங்க இல்ல? இப்ப பேசுங்க அண்ணி. நான் இங்கயே நிக்கிறேன்."

சுடர்விழி குக்கரை ஏற்றினாள். போனைச் சாய்த்து வைத்தாள்.

"வணக்கம், நான் சுடர்விழி. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஊர்ல பேனர் இருக்கு, அதுல நான் அழுததா போட்டிருக்கு. நான் அழல. அத வைக்கும்போது நான் படமே பாக்கல. தப்பு எங்க வீட்டுது, மன்னிச்சுக்குங்க. அத நம்பிப் போய் உங்களுக்கு அழுக வரலன்னா, உங்க மேல சந்தேகப்படாதீங்க. இசை ராஜ்கமல். அவன் என் கொழுந்தன். அத மறைச்சிட்டுப் பேசுனா அதுவும் பொய்தான்."

முதல் விசில் அடித்தது. ஏலக்காரியாக நடித்த பெண்ணைப் பற்றிச் சொன்னாள். ஏலப் பாட்டைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது. "இந்த வருசம் நான் கேட்டதுல இதுதான் நல்ல பாட்டு. கொழுந்தன்னு சொல்லல. முன்சீட்டுக்காரரு செருப்பு சொன்னத சொல்றேன்."

இரண்டாவது விசில்.

"ஆனா அந்தத் துறைமுக சீன் இருக்கே. அவ பேசாம ஒக்காந்திருக்கா. அத்தினி பொம்பளைங்களும் பேசாம நிக்கறாங்க. ராஜ்கமல் மட்டும் பேசிக்கினே இருக்கான். அவ அழுவறதுக்கு முன்னாடியே வயலின் அழுவுது. நாம அழறதுக்கு எடமே விடல. ஒரு நல்ல சீன அவன் நம்பல, எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. படத்துக்குப் போங்க. பாட்டுக்காகப் போங்க, அந்தப் பொண்ணுக்காகப் போங்க. ஆனா என் கண்ணு கலங்கல."

மூன்றாவது விசில்.

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். ராஜ்கமல் அங்கே இல்லை. மாடிப்படியில் அவன் ஏறுகிற சத்தம் கேட்டது. சுடர்விழி ஒரு நிமிடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வழக்கம்போல வீடியோவைப் போட்டாள்.

"போதுமா?" என்றாள் கமலவேணி. கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பட்டுப்புடவையை இன்னும் மாற்றவில்லை.

சுடர்விழிக்கு வலித்தது. சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் மாற்ற மாட்டாள். ஆனால் ஒரு நாள் முழுக்க அவனை அவ்வளவு உயரத்தில் நிற்கவிட்டதற்குத் தன் வாயும் காரணம் என்பது அவளுக்குத் தெரியும். காலையில் திறக்க வேண்டிய வாய் அது.

"நீங்க போயி மொதல்ல தெருமுனையில இருக்கறத எறக்குங்க" என்றாள் கணவனிடம்.

"பசங்க நாளைக்கு..."

"நீங்கதான எழுதுனீங்க?"

இனியவன் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் படியிறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ராஜ்கமல் லேப்டாப்போடு கீழே வந்தான். கூடத்தில் அம்மாவுக்கு எதிரே ஸ்டூலில் வைத்தான். "அண்ணி, வாங்க. இதப் பாருங்க."

அதே துறைமுகம். அதே கூடைகள். வயலின் இல்லை, புல்லாங்குழல் இல்லை. அலைச் சத்தம். எங்கோ ஒரு மோட்டார் நின்றுபோகிறது. ஐஸ் உருகிச் சொட்டுகிறது. ஏலக்காரி வாயைத் திறக்கிறாள், மூடிக்கொள்கிறாள்.

கமலவேணி லேப்டாப்பைப் பார்க்கக் கூடாது என்றுதான் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினாள்.

"ஐயோ, பாவம்டா அவ" என்றாள். பட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. தியேட்டரில் பிறத்தியாரின் கண்ணை எண்ணிக்கொண்டிருந்தவள்.

உருட்டிய பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த இனியவன், அம்மா அழுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இது எப்படிடா?" என்றாள் சுடர்விழி. அவள் குரலும் சரியாக இல்லை.

"நான் மொதல்ல குடுத்தது இதான் அண்ணி. டைரக்டரு, காலியா இருக்கு, ரொப்புன்னாரு. ரொப்பிட்டேன்."

"உனக்கு எது புடிச்சுது?"

"இதான்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

ராஜ்கமல் லேப்டாப்பை மூடினான். "மொத வாய்ப்பு. அவரு சொன்னா சரியா இருக்கும்னு... உங்கள மாதிரி எனக்கு சொல்ல வராது அண்ணி."

‘நாந்தான் சரியா பாக்கலியோ’ என்று தேங்காய்த்திட்டு ஆதிலட்சுமி கேட்ட அதே கேள்வியைத்தான் இவனும் தன்னையே கேட்டிருக்கிறான் என்று சுடர்விழிக்குப் பட்டது. தியேட்டரில் ஏன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதும் இப்போது விளங்கியது.

"நான் தப்பு பண்ணிட்டேன். நம்பலன்னு உன்னச் சொல்லிட்டேனே. நாளைக்குக் குக்கர வச்சு இதயும் சொல்லிடறேன்."

"வேணாம். படத்துல எம் பேருதான இருக்கு? வயலினும் என்னுதுதான்" என்றான் ராஜ்கமல்.

அப்போதுதான் அவன் போன் அடித்தது. திரையில் ‘புருஷோத்தமன் சார்’. வீடியோ போட்டு அரை மணி ஆகியிருக்கும். அதைப் பார்த்திருப்பாரா மாட்டாரா என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

"அண்ணி சொன்னதுக்கு நான் பொறுப்பில்ல சார்னு சொல்லிடு" என்று இனியவன் கிசுகிசுத்தான். அவன் தோளில் கிடந்த பேனரிலிருந்து கூப்பிய கைகள் மட்டும் வெளியே தெரிந்தன.

கமலவேணி மூத்தவனை முறைத்தாள். "நீ இனிமே யாருக்கும் எதயும் எழுதித் தராத." பிறகு இளையவனைப் பார்த்தாள். "எடுடா. மனசுல பட்டத சொல்லு."

சுடர்விழி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் அவளைப் பார்க்காமல் மூக்கைச் சிந்தினாள்.

ராஜ்கமல் ஸ்பீக்கரைப் போட்டான்.

"ராஜ்கமல்! என்னய்யா உங்க அண்ணி..." என்று டைரக்டரின் குரல் கூடம் முழுக்க இரைந்தது.

"சார், ஒரு நிமிசம்" என்றான் ராஜ்கமல். குரல் நடுங்கவில்லை. "அவங்க சொன்னது இருக்கட்டும். அந்தத் துறைமுக சீனப் பத்தி எனக்கே ஒரு அபிப்பிராயம் இருக்கு சார். அத மொதல்ல கேளுங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ராஜ்கமல் அந்த இடைவெளியை ரொப்பாமல் விட்டான்.